தூக்கு வாங்கினது யாரு?

1

போன பங்குனியில் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. உறையில் பேர் இல்லை. ‘இந்த முகவரியில் குடியிருப்பவருக்கு’ என்று மட்டும் இருந்தது. இங்கே அப்படி வருவதெல்லாம் பீட்ஸா கடை விளம்பரம்தான். வாசலிலிருந்து நேரே குப்பைக்குப் போகும். இது கையில் கொஞ்சம் கனத்ததால் பிரித்துத் தொலைத்தேன்.

உள்ளே இரண்டு தாள். ஒன்று, நாட்டு மக்களின் ஆரோக்கியம் பற்றிய கணக்கெடுப்புக்கு எங்கள் வீடு தேர்வாகியிருக்கிறது என்று சொன்னது. கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், பிறகு ஒரு செவிலியர் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பார். இன்னொன்று, பத்து பவுண்டுக்குக் கடையில் பொருள் வாங்கிக்கொள்ளும் சீட்டு. ‘நீங்கள் கலந்துகொண்டாலும் கொள்ளாவிட்டாலும் இது உங்களுக்கே’ என்று அடியில் ஒரு வரி.

“அட பாவிகளா!” என்று வாய்விட்டே சொன்னேன்.

சோபாவில் கிடந்த மகள் என்னமோ ஏதோ என்று எழுந்து வந்தாள். கயல்விழி. பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பேர் ‘கே’. வீட்டில் கயல் என்று கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்க்கிறாள். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “சூப்பர்ம்மா, சனிக்கிழமை போய் ஏதாச்சும் வாங்கலாம்” என்றாள்.

“வாங்கிட்டா பதில் சொல்லணும்டி.”

“சொல்ல வேணாம்னு அவங்களே போட்டிருக்காங்க. படி.”

“போட்டிருப்பாங்க. கை நீட்டி வாங்கிட்டு அப்புறம் கதவச் சாத்த முடியுமா?”

அவளுக்கு அது விளங்கவே இல்லை. அது பரிசு, கடன் கிடையாது என்று ஆங்கிலத்தில் எனக்குப் பாடம் எடுத்தாள். நான் சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டினேன். கேட்பதற்கு முன்னாடியே கொடுத்துவிடுவது எப்பேர்ப்பட்ட வித்தை என்று எனக்குத் தெரியும். அந்த வேலையை நான் பார்த்திருக்கிறேன்.

2

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேர் செல்வி. முதுகுளத்தூரிலிருந்து பஸ் இறங்கி மூன்று மைல் நடக்கிற ஊர். பரமக்குடிக்காரர் முருகேசனைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வருஷமாக இங்கிலாந்தின் வடக்கே நியூகாசிலில் இருக்கிறேன். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிக்கிறேன். காலேஜ் முடித்ததற்கும் கல்யாணம் ஆனதற்கும் நடுவில் நான் பார்த்த ஒரே வேலை, ஊர் ஊராகப் போய்ச் சுகாதாரக் கணக்கெடுப்பு எடுத்தது.

மதுரையில் அலுவலகம். முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமங்கள் எனக்கு. சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகம் இதெல்லாம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள். அந்த ஆள் யார் என்பதை நாங்கள் இஷ்டத்துக்கு முடிவு பண்ணக் கூடாது. வீட்டிலுள்ள பெரியவர்கள் பேரையெல்லாம் எழுதி, அட்டவணையைப் பார்த்தால் அது ஒரு பேரைக் காட்டும். அந்த ஆள்தான் பதில் சொல்ல வேண்டும், அந்த ஆள்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். வேறு யார் வந்தாலும் செல்லாது.

முதல் இரண்டு வாரம் ஒருத்தரும் மதிக்கவில்லை. “மொளகாய்க்குத் தண்ணி பாய்ச்சணும், போயிட்டு அப்புறம் வா” என்பார்கள். அப்புறம் போனால் ஆள் இருக்காது. மதுரையில் சூப்பர்வைசர் சார் யோசித்து, பதில் சொல்கிறவர்களுக்கு மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று கொடுக்கச் சொன்னார். ஒரு ஆட்டோ நிறையத் தூக்கு வந்து இறங்கியது. அதை எடுத்துக்கொண்டு போன பிறகு நிலைமை இன்னும் மோசம். பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் தூக்கைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார்கள். பரிசு சின்னதாக இருக்கிறது என்று நினைத்துச் சார் பெரிய தூக்காக அனுப்பினார். “இம்புட்டுப் பெரிய தூக்கச் சும்மா குடுக்க இவனுக என்ன கூறு கெட்டவனுகளா, கிட்னியத்தான் எடுக்க வாரானுக” என்று டீக்கடையில் பேச்சு.

காரணத்தைச் சொன்னவர் ராக்காயி. நாற்பத்தெட்டு வயது, திடமான உடம்பு, சொந்தக் கொல்லையில் மிளகாய். என்னைக் கண்டதும் வாசலிலேயே மறித்தார்.

“ஏத்தா, நீ படிச்ச புள்ளதான? விடிஞ்சும் விடியாம வெறும் பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு ஒரு வீட்டு வாசல்ல வந்து நிக்கிறியே, வெளங்குமா?”

எனக்கு உச்சியில் குட்டியது போல இருந்தது. என் அம்மா ஒரு டம்ளரைக்கூடப் பக்கத்து வீட்டுக்கு வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. அதே வீட்டில் வளர்ந்த நான் முப்பது நாற்பது வீட்டு வாசலில் வெறும் தூக்கை நீட்டியிருக்கிறேன். மதுரை சாருக்கும் இது தோன்றவில்லை. ஆபீசுக்குள் போனால் எல்லாருக்கும் வீட்டு ஞாபகம் போய்விடும்போல.

அன்றைக்கே முதுகுளத்தூரில் சீனி வாங்கி, ஒவ்வொரு தூக்கிலும் ஒரு கை போட்டு மூடினேன். சர்க்கரை வியாதிக்குக் கணக்கெடுக்கப் போகிறவள் சீனி கொடுக்கிறாள் என்று ரத்தம் எடுக்கிற தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும். கதவெல்லாம் திறந்தது. “உள்ள வாத்தா” என்று கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். ராக்காயியின் ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் முடித்தேன். மதுரைக் கூட்டத்தில் சார் என்னை மேடைக்குக் கூப்பிட்டுத் தூக்கைத் திறந்து காட்டச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தலைகால் புரியாமல் நின்றேன்.

3

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் சீட்டு மூன்று வாரம் தொங்கியது. இரண்டு நினைவூட்டல் கடிதம் வந்தது. மரியாதையான கடிதங்கள். மரியாதையாகக் கேட்டால் எனக்கு இன்னும் உறுத்தும்.

பதில் சொல்ல வேண்டிய ஆள் யார் என்பதற்கு இங்கே சுலபமான விதி: வீட்டிலுள்ள பெரியவர்களில் அடுத்த பிறந்த நாள் யாருக்கோ அவர். எங்கள் வீட்டில் பெரியவர்கள் இரண்டே பேர். எனக்கு ஆவணி; ஆஸ்பத்திரியில் பிறந்தவள், தேதியில் குழப்பமில்லை. அவருக்குத்தான் இரண்டு பிறந்த நாள். பிறந்தது மார்கழியில். பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் எழுதியது ஜூன் ஒன்று. நம் பக்கத்தில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்ததற்குக் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், இந்த நாட்டுக் குடியுரிமை எல்லாம் அந்தத் தலைமையாசிரியர் போட்ட தேதியில்தான் ஓடுகிறது. ஜூன் என்றால் அவர். மார்கழி என்றால் என் ஆவணி முந்திவிடும், நான்.

அவர் மார்கழியைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தா பாரு செல்வி, நான் பொறந்தது மார்கழி. எங்காத்தாளக் கேளு. நியாயப்படி நீதான் குடுக்கணும்.”

“பதினெட்டு வருசமா ஜூன்ல கேக் வெட்டுறப்ப இந்த நியாயம் எங்க போச்சு?”

“அது கேக்கு. இது ஊசி.”

பயப்படுகிறவர் ஊசிக்குப் பயப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு வருஷமாகத் தண்ணீர் தண்ணீர் என்று குடிக்கிறார். இடைவாரில் புதிதாக இரண்டு துளை போட்டிருக்கிறார். கால் விரல் மரத்துப்போகிறது என்று ஒரு நாள் வாய் தவறிச் சொன்னார், உடனே பேச்சை மாற்றினார். டாக்டரிடம் போகலாம் என்றால், “சுகர்னு தெரிஞ்சா ஸ்டியரிங்கப் புடுங்கிருவானுக, அப்புறம் நான் என்ன உருளக்கெழங்கு மசிக்கவா?” என்பார். மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்கள் அவர் டிப்போவிலேயே இருக்கிறார்கள். சொன்னால் காதில் ஏறாது. அவருடைய அப்பா, எங்கள் மாமனார், சர்க்கரையில் கால் எடுத்துத்தான் போனார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவது கிடையாது.

கணக்கெடுப்பு அலுவலகத்துக்கு நானே போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண். சுற்றி வளைக்காமல், “என் கணவருக்கு இரண்டு பிறந்த நாள்” என்றேன்.

“எங்கள் அரசருக்கு இருப்பது போலவா?” என்றாள். இங்கே அரசர் பிறந்த நாள் ஒன்று, நாடு அதைக் கொண்டாடுகிற நாள் வேறு.

“இல்லை. அவருக்கு ஒரு தலைமையாசிரியர் இருந்தார்” என்று விளக்க ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் இராமநாதபுரம் மாவட்டக் கல்வித்துறை முழுவதையும் விளக்க வேண்டும்போல இருந்தது. விட்டுவிட்டேன். “பாஸ்போர்ட்டில் ஜூன் ஒன்று” என்றேன்.

“அப்படியானால் அவர்தான்” என்றாள். இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். அவரிடம் சொன்னதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

“சீட்ட வாங்கினது நீ. அவுகளுக்கு ஆம்பள என்ன பொம்பள என்ன, யாராச்சும் ஒரு கை வேணும். நீயே நீட்டு. வாங்குன ஆளு குடுத்தாப் போச்சு.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்ததே ஆத்திரம். கையில் இருந்த கரண்டியைத் தொட்டிக்குள் போட்டேன். கயல் காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உக்காருங்க” என்றேன். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தது.”

அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேறு என்னமோ நினைத்துவிட்டார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

4

சொன்னது இதுதான்.

ராக்காயி வீட்டில் அட்டவணை காட்டிய பேர் ராக்காயி இல்லை. அவருடைய மருமகள் பாண்டியம்மா. கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கேள்விகளுக்கு அவள்தான் பதில் சொன்னாள். ஆனால் முடிந்ததும் நான் நீட்டிய தூக்கை அவள் வாங்கவில்லை, மாமியாரைப் பார்த்தாள். வீட்டுக்குள் வருகிற பொருளை, அதுவும் சீனியோடு வருவதை, வீட்டுக்குப் பெரியவள் வாங்குவதுதான் முறை. ராக்காயி முந்தானையைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். அதில் தப்பு இருப்பதாக எனக்கும் படவில்லை.

மறுநாள் காலை ரத்தம் எடுக்கிற தம்பி வந்தான். நான் அடுத்த ஊரில் இருந்தேன். அவனிடம் பேர் ஒட்டிய குப்பிகள் இருந்தன. ஆனால் விடியற்காலையில் வீடு வீடாகப் போய் இளம் பெண்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட அவனுக்குக் கூச்சம். ஊருக்குள் அது நன்றாகவும் இருக்காது. அதனால் ஒரு குறுக்குவழி வைத்திருந்தான். வாசலில் நின்று, “தூக்கு வாங்கினது யாரு?” என்று குரல் கொடுப்பான். வாங்கினவர்கள் வருவார்கள். எடுத்துக்கொண்டு போய்விடுவான். அந்த வழியை எங்கள் கூட்டத்தில் எல்லாரும் மெச்சினோம்.

ராக்காயி வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்து கையை நீட்டியிருக்கிறார். குப்பியில் பாண்டியம்மா என்று இருந்தது.

ஆறு வாரம் கழித்துப் பாண்டியம்மா பேருக்குச் சிவப்பு அட்டை வந்தது. சர்க்கரை அதிகம், சிறுநீரகம் சரியில்லை, உடனே மருத்துவரைப் பார்க்கவும். வந்து ஒரு வருஷமே ஆன மருமகள். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த வீட்டில் தெரிந்தே கட்டி வைத்தார்களா என்று ஆளாளுக்குப் பேசினார்களாம். ராக்காயி ஒருத்திதான், “ஏலே, வாய மூடுங்கடா” என்று மகனையும் கொழுந்தன்மார்களையும் அடக்கி, பாண்டியம்மாவைக் கையைப் பிடித்து இராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே பார்த்தால் அவளுக்கு ஒன்றுமே இல்லை. அட்டை தப்பு என்று டாக்டர் சொல்ல, சந்தோஷமாகத் திரும்பி வந்துவிட்டார்கள்.

மார்கழியில் நான் இரண்டாவது சுற்றுக்குப் போனேன். பாண்டியம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்: “அதென்ன அட்டைக்கா அது? எனக்கு ஊசியே போடலயே. அத்தைக்குத்தான போட்டாக.”

ராக்காயி கொல்லைக்குப் போயிருந்தார். நான் முதுகுளத்தூருக்கு வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த டெலிபோன் பூத்திலிருந்து மதுரைக்குப் பேசினேன்.

“இதே மாதிரி எத்தன வீட்டுல நடந்திருக்குமோ” என்றார் சார். “எழுதிக் குடுத்தா அந்த ஊரையே கணக்குலருந்து தூக்கிருவாங்கம்மா. நீ முடிச்ச ஊருதான் நமக்கு நம்பர் ஒண்ணு. சும்மா இரு.”

சும்மா இருந்தேன்.

அவர் மேல் பழியைப் போட்டால் எனக்கு லேசாக இருக்கும். ஆனால் ராக்காயியிடம் தனியாகச் சொல்ல நான் சாரின் அனுமதியைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. கொல்லை அரை மைல். நடந்து போய், “அந்த அட்டை உங்களுடையது” என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் நான் மேடையில் திறந்து காட்டிய தூக்கு சிரிப்பாய்ச் சிரிக்கும். என் பேர் கெடும். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

தூக்கம் கெட்டு, பங்குனியில் போனேன். களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. ராக்காயி அதைக் கிண்டாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. கால் விரலில் மெட்டி இறுகி, சதை பிதுங்கி நின்றது. சொல்லி முடித்தேன்.

முதலில் அவர் கேட்டது, “அப்ப அந்தப் புள்ளைக்கு நெசமாவே ஒண்ணுமில்லையே?”

“இல்லங்கம்மா.”

“நல்ல வேள.” பிறகு, “உனக்கு எப்பத் தாயி தெரியும்?” என்றார்.

“மார்கழியில.”

“இது பங்குனில்ல?”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம். மிளகாயை அள்ளி என் மூஞ்சியில் போட்டிருக்கலாம். “தூக்க நாந்தான் வாங்குனேன். வாங்கிட்டு அவளக் கைய நீட்டச் சொல்ல மனசு வரல” என்று, தப்பெல்லாம் தன்னுடையது போலச் சொன்னார்.

மறுநாளே மதுரைக்கு எழுதிக் கொடுத்தேன். ஊரைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். என்னையும் எடுத்தார்கள். ராக்காயியை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் மருந்திலேயே கொஞ்ச காலம் தள்ளியிருக்கலாம் என்று அங்கே ஒரு டாக்டர் என் எதிரிலேயே சொன்னார். சொன்னது யாரிடம் என்று அவருக்குத் தெரியாது. வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்திகரிக்கப் பஸ்ஸில் போய் வந்தார். என் கல்யாணத்துக்குப் பாண்டியம்மாவிடம் அந்தத் தூக்கையே கொடுத்தனுப்பினார். மூடியைத் திறந்தால் நிறையக் குண்டு மிளகாய். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது அல்லவா?

நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் பாண்டியம்மா போன் செய்தாள். ராக்காயி போய்விட்டார். ஐம்பது முடிந்திருந்தது.

5

சொல்லி முடித்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. கயல் எழுந்து போய், அடுப்பு மேல் தட்டில் மிளகாய் வைத்திருக்கிற தூக்கை எடுத்துப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற தூக்கு. “இதுவாம்மா?” என்று தமிழில் கேட்டாள். ஆமாம் என்றேன். இருந்த இடத்தில் சத்தமில்லாமல் வைத்தாள்.

அவர் தட்டைக் கழுவினார். பிறகு, “எத்தன மணிக்கு வருவாக அந்த நர்சம்மா?” என்றார்.

“வெள்ளிக்கிழம காலையில. வெறும் வயிறு.”

“டீ?”

“டீயும் கெடையாது.”

வந்தவள் சின்னப் பெண். ஷூவைக் கழற்றட்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். டீ வேண்டாம், பிஸ்கட் வேண்டாம், எதுவும் வாங்க அனுமதியில்லை என்றாள். வந்த வீட்டில் ஒன்றும் வாங்காமல் ரத்தத்தை மட்டும் வாங்கிப் போகிற விதி எனக்குப் பிடிக்கவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. மறு கையை நான் பிடித்துக்கொண்டேன்.

“பெயர், பிறந்த தேதி?” என்றாள்.

“முருகேசன். ஜூன் ஒன்று” என்றார். என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

மூன்று குப்பி நிறைந்தது. அவள் பெட்டியை மூடப் போனபோது, ஒரு நிமிஷம் என்று நிறுத்தி, குப்பிகளைக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. “அம்மா, ப்ளீஸ்” என்று கயல் முனகுவாள் என்று நினைத்தேன். அவள் முனகவில்லை. என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று அவளும் எட்டிப் பார்த்தாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் படித்தேன். முருகேசன். முருகேசன். முருகேசன். திரும்பி அவரைப் பார்த்தேன். பஞ்சை அழுத்திக்கொண்டு கையை மடக்கி உட்கார்ந்திருந்தார். குப்பிகளைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னும் சூடாக இருந்தன.